கட்டத்துக்குள் ஐந்து

மெர்லினின் கனவில் கன்டெய்னர்கள் மிதந்தன. காசிமேட்டுக்கு அப்பால் கடல் அலையில்லாமல் வெளுத்துக் கிடக்கும். அதன்மேல் சிவப்பும் நீலமும் துருவுமாகப் பெட்டிகள் ஒன்றையொன்று இடிக்காமல் மெல்ல நகர்ந்துபோகும். கரையில் நின்று அவள் ஒவ்வொன்றின் எண்ணையும் உரக்க வாசிப்பாள். வாயைவிட்டு வரும்போது அது வேறோர் எண்ணாக இருக்கும்.

விழித்திருக்கும்போது அவள் எண்களைத் தவறவிடுகிறவள் அல்ல. எர்ணாவூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் ஒன்பது வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. துறைமுகத்திலிருந்து டிரெய்லர் வந்து நிற்கும். பெட்டியின் மேல் நாலு எழுத்து, ஆறு எண், கடைசியில் சின்னக் கட்டம் போட்டு அதற்குள் தனியாக ஓர் எண். எழுத்துக்கும் ஒரு மதிப்பு வைத்து, முதல் பத்தையும் ஒரு முறைப்படி பெருக்கிக் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால், மீதி அந்தக் கட்டத்து எண்ணாக வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ தப்பாகப் படித்திருக்கிறோம் என்று பொருள். இப்போதெல்லாம் கணினியே அதைப் பார்த்துவிடுகிறது. மெர்லின் மட்டும், சிலர் பாட்டு முணுமுணுப்பதைப் போல, மனத்துக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கோயிலில் பிரசங்கம் நீண்டால் அன்று வந்த பெட்டி ஒன்றை நினைவில் எடுத்து வகுப்பாள்.

வீடு ராயபுரத்தில். கதவு எண் 62. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா ஜேக்கப் இறந்த பிறகு அவளும் அம்மா அடைக்கலமேரியும்தான்.

அந்த வியாழக்கிழமை அம்மாவைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போக அரைநாள் விடுப்பு எடுத்திருந்தாள். பகல் ஒரு மணிக்கு யார்டு வாசலிலிருந்து செயலியில் கார் கூப்பிட்டாள். ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுநர் திரும்பி, “கம்பெனிக்காரன் பாதிய புட்ங்கிக்கிறான்க்கா. கேன்சல் பண்ணிட்றேன், அதே ரேட்டு எங்கைல குட்த்துரு,” என்றான். எல்லாரும் கேட்பதுதான். “சரி” என்றாள். அந்த ஒரு சொல்லைப் பின்னால் எத்தனையோ முறை திரும்ப விழுங்கப் பார்த்தாள்.

கடலோரச் சாலையில் டிரெய்லர்காரர்கள் ஓரங்கட்டிச் சோறு பொங்கும் இடம் ஒன்று உண்டு. அவன் காரை டிரெய்லர் வரிசைக்கும் கரைப்பாறைகளுக்கும் நடுவே விட்டு நிறுத்தினான். இறங்கிச் சுற்றிவந்து பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினான். அதன்பின் நடந்ததை மெர்லின் முழுதாகச் சொன்னது இரண்டே பேரிடம்தான். அது அவர்களோடே இருக்கட்டும். மற்றப் பக்கத்துக் கதவு உள்ளிருந்து திறக்கவில்லை. அதன் கண்ணாடிக்கு வெளியே பாசி நிறத்தில் ஒரு கன்டெய்னர். அவள் கண்ணாடியில் அறைந்தாள். உடம்பு அவளுடையதாக இல்லாமல் எங்கோ விலகிப்போக, கண் மட்டும் பழக்கப்படி அந்த எண்ணைப் படித்தது. அப்போது நீளமாக ஒரு ஹாரன் சத்தம், நிற்கவே இல்லை. அவன் பதறி இறங்கி முன் இருக்கைக்கு ஓடினான். திறந்து கிடந்த கதவு வழியாக அவள் வெளியே விழுந்தாள். பாறைகளில் ஓடியபோது ஒற்றைச் செருப்பு கழன்று விழுந்தது.

இதெல்லாம் நடந்ததா என்ற சந்தேகம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவள் அனுப்பிய புகாருக்குச் செயலிக்காரர்கள், அவள் குறிப்பிடும் நேரத்தில் பயணம் எதுவும் நடக்கவில்லை, பதிவு தொடங்குமுன்பே ரத்தாகிவிட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதினார்கள். முதலில் போன காவல் நிலையத்தில், “எங்க லிமிட் இல்லம்மா, நடந்த எடத்துல போய்க் குடு,” என்றார்கள். அம்மா அவள் தலையைத் தடவி, “கெட்ட கனான்னு நெனச்சிக்கோ பாப்பா. மாதா காப்பாத்திட்டாங்க. கோர்ட்டு கேசுன்னா பெரிய பேஜாரு,” என்றாள்.

மெர்லின் அப்படியே நினைத்துப் பார்த்தாள். காலையில் பேருந்து ஜன்னல் வழியே தூரத்து எண்ணெய் ஆலையின் புகைபோக்கி நுனியில் தீ தனியாக ஆடிக்கொண்டிருக்கும். அதைப்போல அந்த மதியமும் எதிலும் ஒட்டாமல் நின்றது. யார் சொல்வது உண்மை, தானா அந்தப் பதிவா என்று அவளுக்கே நிச்சயமில்லாமல் போயிற்று. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது.

இருபத்திரண்டாம் நாள் நீதிமன்ற வளாகத்தில் இருந்த இலவசச் சட்ட உதவி மையத்துக்குள் நுழைந்தாள். வழக்கறிஞர் கார்குழலி வியாசர்பாடிக்காரி, கிட்டத்தட்ட இவள் வயது. மேசைமேல் டீ ஆறிக்கொண்டிருந்தது.

“சம்பளம் எவ்ளோன்னு எழுதணுமா?” என்றாள் மெர்லின்.

“பொம்பளைங்களுக்கு அதெல்லாம் கேக்க மாட்டோம். உக்காரு.”

கதவைச் சாத்திவிட்டு முழுதும் கேட்டாள். நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பிறகு, “லிமிட் இல்லன்னு சொன்னது தப்பு. எந்த ஸ்டேஷன்ல குட்த்தாலும் எஃப்.ஐ.ஆர். எழுதி அவங்களேதான் உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பணும். இந்த மாதிரி குத்தத்த எழுத மாட்டேன்னா அந்த போலீஸ் மேலயே கேஸ் போடலாம். பொம்பள ஆபீசர்தான் உங்கிட்ட கேட்டு எழுதணும். அப்புறம் மாஜிஸ்ட்ரேட்டாண்ட வாக்குமூலம்,” என்றாள்.

“இருபது நாளு மேல ஆச்சு.”

“இதுக்குக் கெடு கெடையாது. லேட்டானதுக்குக் காரணத்த எழுது. பயந்துகினேன்னு எழுது. அதுவும் காரணந்தான்.”

“நாந்தான் கேன்சலுக்கு சரின்னேன்.”

“காருக்குத்தானே சரின்ன?” கார்குழலி டீயை எடுத்து, பார்த்து, திரும்ப வைத்தாள். “கேன்சலானாலும் உன்ன ஏத்த வந்த பதிவு அவங்ககிட்ட கீது. போலீஸ் கேட்டா குட்த்துதான் ஆவணும். கம்பெனி மேல நுகர்வோர் கோர்ட்டுக்குத் தனியா போலாம். டிரைவரு எங்க ஆளே இல்லம்பாங்க, அது இழுக்கும், இப்பவே சொல்லிட்றேன். அரசாங்க நிதில இழப்பீடு கேக்கலாம். கதவ மூடிகினு விசாரிக்கச் சொல்லி ஜட்ஜாண்ட கேக்கலாம். எதையும் செய்யாம வூட்டுக்குப் போறதுன்னாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். யாராச்சும் பாத்தாங்களா?”

“ஒரு பொட்டிதான் இருந்துச்சு,” என்றாள் மெர்லின். “நம்பர் தெரியும்.”

கார்குழலி முதல்முறையாகச் சிரித்தாள். “இன்னாது? அந்த நேரத்துல பொட்டி நம்பரப் படிச்சியா நீ?”

மறுநாள் காலை யார்டில், பதிவுகளைப் பார்க்கும் டில்லிபாபுவிடம் எண்ணைச் சொன்னாள். அவர் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “அப்டி ஒரு நம்பரே கெடையாதுன்னுது. இன்னா மெர்லினு, கனவுல வந்த பொட்டியா?”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். மெர்லின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கிக் காற்றில் நிறுத்தியிருந்தது. அதன் நிழல் தரையில் ஆடியது. எல்லாமே கனவுதான் போலிருக்கிறது என்று தோன்றிய அதே நேரத்தில், விரல் தானாக ஒரு தாளைத் திருப்பிப்போட்டுப் பேனாவை எடுத்தது.

கட்டத்துக்குள் 5. அது உறுதி. பெருக்கிக் கூட்டி வகுத்தாள். 4 வந்தது. மறுபடி போட்டாள். 4தான். கனவில் வரும் எண் சரியாக ஒன்றே ஒன்று குறைந்தா நிற்கும்? பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறிப் படிப்பது வாசலில் வேலை செய்யும் எல்லாரும் செய்யும் தப்பு. முதலிலிருந்து ஒவ்வொரு ஜோடியாக மாற்றிப் போட்டாள். கடைசி ஜோடியில் 62 என்று எழுதியிருந்தாள். 26 என்று மாற்றினாள். மீதி 5.

62 எங்கிருந்து வந்தது என்று கொஞ்சநேரம் தாளையே பார்த்தாள். வீட்டுக் கதவின் எண். அந்தக் கார்க் கண்ணாடிக்குள் இருந்தபோது வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டுந்தான் நினைத்தாள்.

“மாத்தித் தட்டுங்கண்ணா.”

டில்லிபாபு தட்டினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், கிண்டல் போய்விட்டது. “நம்மாண்டதான் வந்துகீது. மூணு வாரம் முந்தி, வியாழக்கிழம பகல் மூணு அம்பதுக்கு உள்ள வந்துச்சு. டிரைவரு உச்சிமாகாளி, தூத்துக்குடி ஆளு. இன்னா விசயம்மா?”

“அவராண்ட பேசணும்ணா.” அவர் மேலே கேட்காமல், ஓட்டுநரை அலைபேசியில் பிடித்துக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்க்க எழுந்து போனார்.

கடலோரச் சாலை என்று அவள் தொடங்கியதுமே அந்தக் குரல் குறுக்கிட்டது. “ஏ தாயி, நீயா அது? மேல கேபின்ல சோறு வடிச்சிக்கிட்டிருந்தேன். கீழ பாத்தா கண்ணாடில ஒரு கை அடிக்கி. அதான் ஹாரன அமுக்கிப் புடிச்சேன். எறங்கி வாரதுக்குள்ள நீ ஓடிட்ட, அவனும் போய்ட்டான். ஒத்தச் செருப்பு கெடந்துச்சு. தேடி வருவியோன்னு பாறை மேல வச்சேன். கடல் கொண்டு போயிருக்கும்.” பிறகு, “காரு நம்பரப் பாக்காம விட்டுட்டம்லா. அது மனசுல கெடந்து அறுக்கு,” என்றார்.

“போலீஸ் கேட்டா சொல்வீங்களாண்ணே?”

“எங்க கூப்ட்டாலும் வாரேன்.”

சனிக்கிழமை மகளிர் காவல் நிலையத்துக்குக் கார்குழலி வந்தாள். கேட்காமலே அம்மாவும் கிளம்பி வந்தாள். இதற்குள் அறுவை முடிந்திருந்த கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பையில் தண்ணீர் பாட்டிலோடு வெளி பெஞ்சில் உட்கார்ந்தாள். “கனான்னு சொன்னேனே பாப்பா, அது என் பயத்துல சொன்னது,” என்றாள்.

உள்ளே பெண் ஆய்வாளர் கேட்டுக் கேட்டு எழுதினார். மெர்லின் இரண்டு இடத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அவர் பேனாவைத் தூக்கிக் காத்திருந்தார். ஜன்னலில் உப்புக்காற்று காலண்டர் தாளைத் தூக்கி விட்டது. எழுதி முடித்து முழுதையும் வாசித்துக் காட்டினார். தன் வாழ்வின் ஒரு மதியம் இன்னொருத்தியின் குரலில் வருவதைக் கேட்டபோது மெர்லினுக்கு அது தூரத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை. கெட்டியாக, எடையோடு, தரையில் இறக்கிவைத்தது போல் இருந்தது.

பெட்டி எண் வந்தது. நாலு எழுத்து, ஆறு எண், பிறகு ஐந்து.

“சரிதானே? கையெழுத்துப் போடறியாம்மா? நகல் உனக்கு இலவசமாத் தருவோம்.”

மெர்லின் தாளைக் குனிந்து பார்த்தாள்.

“கடைசி அஞ்சுக்குக் கட்டம் போடணும் மேடம்.”

“கட்டமா? எதுக்கு?”

“அது இருந்தாத்தான் யாரு வேணும்னாலும் போட்டுப் பாத்துக்கலாம், நான் சொல்றது சரியான்னு.”

ஆய்வாளர் பேனாவை நீட்டினார். மெர்லின் ஐந்தைச் சுற்றி நாலு கோடு இழுத்தாள். பிறகு கீழே கையெழுத்துப் போட்டாள்.