நாலு ஈரலும் ஒரு பிளாஸ்க்கும்

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. போன மாதம் முழுக்க, மயிலாப்பூர் பார்க்கில் என்னோடு வாக்கிங் வரும் நாலு அப்பாவிகளை வேர்க்கடலைப் பால் குடிக்க வைத்தேன்.

கொலஸ்ட்ரால் என்று சொல்லி டாக்டர் எனக்குத்தான் எருமைப் பாலை நிறுத்தினார். நான் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கலாம். கடலையை ஊறவைத்து, அரைத்து, வடிகட்டி, காய்ச்சி, பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போய் உபதேசமே ஆரம்பித்துவிட்டேன். திடீரென்று திருந்தியவனைப் போல ஆபத்தான பிராணி உண்டா?

அப்புறம்தான் கேபிள் டிவியில் ஒருவர் சொன்னார் — ஈரத்தில் கிடந்த கடலையில் பூஞ்சை பிடிக்கும், அது கக்கும் நஞ்சு ஈரலுக்கு ஆகாது, காய்ச்சினாலும் போகாது.

எங்கள் வீட்டுக் கடலை மூட்டை எங்கே இருந்தது? ஐப்பசி மழையில், பாத்ரூம் வாசலில்...

நாலு ஈரல்கள்! அதிலும் ரிடையர்டு வாத்தியார், சாந்தோம் அருளப்பன் சாருக்கு மரியாதைக்காக தினமும் இரண்டு டம்ளர்.

மறுநாள் பார்க்கில் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். லேபில் பாலை டெஸ்ட் செய்து முடிக்கும்வரை யாருக்கும் கிடையாது என்றேன்.

"அதனால என்ன சார்? நிதானமா டெஸ்ட் பண்ணுங்க. அவசரமே இல்லை" என்றார் அருளப்பன் சார். எப்பேர்ப்பட்ட மனசு!

என் மச்சினன் ரமணிக்கு அடையாறில் ஒரு உணவுப் பரிசோதனை லேபில் வேலை. பாலிலிருந்து எதையோ பிரித்தெடுத்து, ஒரு கண்ணாடித் தட்டில் பொட்டுப் பொட்டாக வைத்து, என்னை இருட்டறைக்குள் கூப்பிட்டான்.

"அத்திம்பேர், இப்போ அல்ட்ரா வயலட் விளக்கைப் போடறேன். விஷம் இருந்தா நீலமா ஜொலிக்கும். பயந்துண்டு அங்கேயே நிக்காதேள், கிட்ட வாங்கோ."

குனிந்தேன். நீலம்! தீபாவளி மத்தாப்பு மாதிரி நீலம்!

"போச்சுடா ரமணி! நாலு குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"கத்தாதேள். தட்டுல ஒண்ணுமே இல்லை. ஜொலிக்கறது உங்க சட்டை."

பார்த்தேன். கழுத்திலிருந்து இடுப்புவரை நான்தான் பிரகாசித்துக்கொண்டிருந்தேன். சலவைப் பவுடரில் வெண்மைக்காகச் சேர்க்கும் சரக்கு, அந்த வெளிச்சத்தில் அப்படித்தான் மின்னுமாம். பால் பத்தரைமாற்று.

மனிதனுக்குப் பெரிய சந்தோஷம் எது? லாட்டரியா, பிரமோஷனா? இல்லை. தான் யாரையும் கொல்லவில்லை என்று தெரிவதுதான். அன்று பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும், இந்த வயதில், ஃபுட்போர்டில் நின்று காற்று வாங்கிக்கொண்டே வீடு வந்தேன்.

மறுநாள் பிளாஸ்க்கோடு பார்க்கில் ஆஜர்.

"விஷம் துளிகூட இல்லை!"

கைதட்டல் வரவில்லை. நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் டம்ளரை அருளப்பன் சாரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"நல்லாப் பார்த்தாங்களா சார்? எதுக்கும் இன்னொரு லேப்ல கொடுத்துப் பாருங்களேன்..."