பேத்தி செய்த காதுகுத்து பேனர்

என் பெரிய பேரன் வேலூரில் நர்ஸ். சின்னவன் செங்கத்தில் டிராக்டர் ஓட்டுகிறான், சொந்த டிராக்டர். பேத்தி செல்வி போட்டோஷாப்பைப் புத்தகம் பார்த்தே கற்றவள்.

எங்கள் மலையில் வீடியோ பாதியில் நின்று சுற்றும். புத்தகம் சுற்றாது.

இன்று புதூர்நாட்டு ஸ்டூடியோவில் அவளுக்கு முதல் பேனர், ஒரு காதுகுத்துக்கு. அது சரியாக வந்தால்தான் வேலை என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நானும் கூடப் போனேன்.

புத்தகத்தில் காட்டியபடியே குழந்தையைப் பெரிதாக வைத்தாள். தாய்மாமனை மூலையில் வைத்தாள்.

தாய்மாமன் வந்து பார்த்தார். "இன்னாம்மா இது? மடியில வெச்சி காது குத்தறவன் நானு. என்னை ஸ்டாம்பு சைஸ்ல போட்டுகீறே?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். நான் அஞ்சாவதோடு நின்றவள், குறை சொல்லவில்லை. எழுதியவருக்குத் தாய்மாமன் இல்லை போலிருக்கிறது.

செல்வி படத்தைப் பெரிதாக்கும் பாடத்தைத் திருப்பினாள். மாமன் வளர்ந்தார். குழந்தை அவர் மீசைக்குக் கீழே போனது.

"இப்பதாம்மா இது பேனரு" என்றார் மாமன்.

"நாளைக்கே வேலைக்கு வந்துடும்மா" என்றார் கடைக்காரர்.

பின்னணியை வெட்டும் பாடத்தை அவள் என் படத்தில்தான் பழகினாள். இடது காதும் சேர்ந்து போய்விட்டது. இந்தப் பதிவுக்கு மேலே நீங்கள் பார்ப்பது அந்தப் படம்தான். இரண்டு காதும் உள்ள புதுப் படம் ஒன்றைப் போடச் சொல்லி நீங்களும் அவளைக் கேளுங்கள். நான் கேட்டால், "அந்தப் பாடம் முடிஞ்சிடுச்சி ஆயா" என்கிறாள்.