பம்மலில் ஒட்டி ஜன்ஸ்காரில் மிதந்த படகு

1. நவம்பர் வாரம்

ரப்பர் துணி ஒட்டுவதுதான் முப்பத்தோரு வருஷம் என் வேலை. சென்னைக்குப் பக்கத்தில் பம்மலில், தோல் ஷெட்டுகளுக்குப் பின்னால் எங்கள் பட்டறை. லைஃப் ஜாக்கெட், தண்ணீர்ப் பை, காற்றடிக்கும் படகு எல்லாம் அங்கே செய்வோம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் பசையைப் பற்றிக் கேட்பார்கள். அதைச் சொல்ல ஆரம்பித்தால் ஆற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்பதுகளின் பின்பாதியில் ரகுநாதன் சார் என்று ஒருவர் ஆற்றில் போகிற காற்றடிக்கும் படகு, ராஃப்ட் என்பார்கள், இரண்டு ஆர்டர் கொடுத்தார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், சேலையூரில் வீடு. சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு லடாக் பக்கம் ஜன்ஸ்கார் ஆற்றில் இறங்கப் போவதாகச் சொன்னார். படத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, நடுவில் சாம்பல் நிறத் தண்ணீர். ஆளை விட்டுவிட்டு மலையை மட்டும் படம் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் அடியில் புள்ளியாக ஒரு படகு தெரிந்தது.

இரண்டாவது படகின் மெயின் சீம், அதாவது துணியும் துணியும் சேருகிற பெரிய இணைப்பு, ஒட்ட வேண்டிய வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ரப்பர் துணிக்கு மழைதான் எதிரி. பசையைக் கரைத்து வைத்திருக்கிற சால்வென்ட் ஆவியாகும்போது துணி குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் இருந்தால் பசை மேல் பனி மாதிரிப் படியும். கண்ணுக்கு லேசான மங்கல்தான் தெரியும். அதன் மேலேயே ஒட்டி ரோலர் போட்டால் ஒட்டிக்கொள்ளும், காற்றும் நிற்கும். என்றைக்கு விடும் என்று மட்டும் சொல்ல முடியாது.

என்னோடு வேலை செய்த முனுசாமி அண்ணன் சொல்லிப் பார்த்தார்.

"மழ வுடாம பேஞ்சிகினு கீது தேவா. இதுல போட்டா நிக்காது. ரெண்டு நாள் பொறு."

முதலாளிக்கு வெள்ளிக்கிழமை டெலிவரி கொடுத்தாக வேண்டும். ஹீட்டர் வைத்துக்கொண்டு ஒட்டு என்றார். முனுசாமி அண்ணன் மாட்டேன் என்று லைஃப் ஜாக்கெட் பக்கம் போய்விட்டார். நான் ஒட்டினேன். மங்கலைப் பார்த்தேன். டோலுவீன் சால்வென்டில் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு ரோலர் போட்டேன்.

சிட்லபாக்கம் ஏரியில் ட்ரையல் பார்த்தோம். ஒரு நாள் முழுக்கக் காற்று நின்றது. சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்ப ஆரம்பித்தேன்.

2. ரிப்பேர்காரன்

அடுத்த ஆகஸ்டில் கிளம்பும்போது சார் முதலாளியிடம் ஒரு ரிப்பேர் ஆள் வேண்டும் என்றார். படகை ஒட்டியவன் என்று முதலாளி என்னை அனுப்பினார். என் மனைவி ஸ்டெல்லா குரோம்பேட்டையில் பள்ளிக்கூட டீச்சர். கல்யாணமாகி அப்போது இரண்டு வருஷம்தான். சட்டை மேல் சட்டையாக எடுத்து வைத்தாள். நீச்சல் தெரியாதவனை ஏன் அனுப்புகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டாள். லைஃப் ஜாக்கெட் நான் தைத்தது என்றேன். சிரித்துவிட்டாள். அந்தச் சீமைப் பற்றி அவளிடமும் சொல்லவில்லை.

ரயில், பிறகு பஸ், பிறகு லாரி. பதும் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. மரமே இல்லாத ஊர். காற்று அவ்வளவு வறட்சி. ஈரத் துண்டைக் காயப்போட்டுவிட்டு டீ குடித்து முடிப்பதற்குள் அது விறைத்து நிற்கும்.

மொத்தம் ஏழு பேர். முதல் படகில் சாரின் நண்பர்கள் நாலு பேர். மழையில் நான் ஒட்டிய இரண்டாவது படகில் சார், நான், துடுப்புப் போடுகிற நேகி. நேகி இமயமலையில் கர்வால் பக்கத்துக்காரர். என் இந்தியும் அவருடைய இங்கிலீஷும் ஒரே தரம் என்பதால் நன்றாகப் பழகிவிட்டோம். அந்தக் காலப் படகில் உள்ளே வந்த தண்ணீர் தானாக வெளியே போகாது. பக்கெட்டால் மொண்டு ஊற்ற வேண்டும். அது என் வேலை.

முதல் நாள் ஆறு அகலமாக, வயல்களுக்கு நடுவில் போனது. படகு மிதக்கும்போது அடியில் 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காற்று கசிகிறது என்று பயந்து நான் ஒவ்வொரு வால்வாகக் காதை வைத்துப் பார்த்தேன். நேகி தண்ணீரில் கையை விட்டு எடுத்துக் காட்டினார். உள்ளங்கையில் மாவு மாதிரி வண்டல். ஆறு முழுக்க அந்த வண்டல் படகின் ரப்பரை உரசிக்கொண்டே போகிற சத்தம் அது. பயம் போன பிறகு அதையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

இரண்டாம் நாள் மலை இரண்டு பக்கமும் நெருங்கியது. மூன்றாம் நாள் வானம் தலைக்கு மேல் ஒரு பட்டை ஆனது. எங்கள் ஊர் ஜி.எஸ்.டி. ரோட்டை விட அகலம் குறைந்த இடத்தில் அத்தனை தண்ணீரும் நுழைந்தது. பாறை செம்மண் நிறம், கொஞ்ச தூரம் போனால் கத்தரிக்காய் நிறம், அதற்கப்புறம் பச்சை. நேரக் என்ற ஊருக்கு ஏறிப்போகிற பாலத்தைத் தாண்டினோம். வெளியே நடந்து போக வேண்டுமானால் அதுதான் கடைசி வழி என்று சார் சொன்னார். அதற்கப்புறம் ஆறு ஒன்றுதான் வழி.

3. நான்கு விரல்

அன்று மாலை ஒரு மணல் திட்டில் ஒதுங்கினோம். வழக்கம்போல் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். வலது பக்க முன் சேம்பரில், அதாவது காற்று அறையில், மெயின் சீம் ஓரத்தில், மேலே ஒட்டிய டேப் நான்கு விரல் நீளத்துக்குத் தூக்கியிருந்தது. குமிழ் வந்துகொண்டிருந்தது. எந்த இடம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மேலே ஒரு பாட்ச் போட்டு மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. கல்லில் உரசியது என்று சொல்லலாம். பாட்ச் போடுவதற்குக் கத்தரிக்கோலைக் கூடக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் அடுத்த நாள்தான் பெரிய ரேபிட், ஆறு சீறிக்கொண்டு இறங்குகிற இடம், வருகிறது என்று நேகி காலையில் சொல்லியிருந்தார். அந்தச் சேம்பர் அங்கே காற்றிழந்தால் படகு அந்தப் பக்கம் மடிந்து கவிழும். தண்ணீரில் கையை வைத்தால் கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போகிற குளிர். நீந்திப் போனாலும் ஏறக் கரை கிடையாது. சுவர்தான்.

சார் அடுப்புப் பக்கம் இருந்தார். போய் நின்றேன்.

"சீம் விடுது சார்."

"எங்க? கல்லு பட்டுச்சா?"

"இல்ல சார். நான் மழையில ஒட்டின சீம். அப்பவே பசை மங்கிப்போயிருந்துது."

"தெரிஞ்சே ஒட்டினியா?"

"தெரிஞ்சுதான் சார்."

அவர் எழுந்து தண்ணீர் ஓரம் போய் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. திரும்பி வந்தபோது அவர் குரல் மாறவே இல்லை.

"சரி பண்ண என்ன வேணும் உனக்கு?"

ஒரு முழு நாள் வெயிலும் அதற்கடுத்த காலை வரை நேரமும் வேண்டும் என்றேன். மற்றவர்களைக் கூப்பிட்டு, படகில் ஒரு கோளாறு, நாளை தங்குகிறோம் என்று மட்டும் சொன்னார். யார் கோளாறு என்று சொல்லவில்லை.

மறுநாள் வெயில் சுவரில் இறங்கி மணலுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். தூக்கிய நான்கு விரலை மட்டும் ஒட்டவில்லை. குறட்டால் பிடித்து முழுச் சீமையும் உரித்தேன். சில இடங்களில் மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி கையோடு வந்தது. மூன்று இடங்களில் நன்றாகப் பிடித்திருந்தது. அதையும் விடவில்லை. பழைய பசை போகும் வரை உப்புத்தாள் போட்டு பஃபிங் செய்தேன். விரல் நுனியில் தோல் போய்விட்டது. காற்று மணலை வாரியடித்தது. சாரும் நேகியும் கூடாரத் துணியைப் பிரித்து ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுவர் மாதிரி நின்றார்கள்.

முதல் கோட் அடித்தேன். பம்மலில் அரை மணி நேரம் காத்திருந்தாலும் பிசுபிசுக்கிற பசை, அங்கே கண் முன்னாலேயே காய்ந்தது. மங்கல் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாவது கோட், மூன்றாவது கோட். துணியைத் துணி மேல் வைத்தேன். வைத்த மாத்திரத்தில் பிடித்துக்கொண்டது. ஒரு நூல் தள்ளி வைத்திருந்தால் கூடப் பிரித்து எடுத்திருக்க முடியாது. பசை என்று ஒன்று எப்படி வேலை செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்களோ, அதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டோலுவீன் நெடி என்று சார் நினைத்திருப்பார்.

மாலையில் பனி உருகிய தண்ணீர் மேலிருந்து வந்து ஆறு ஏறியது. நாங்கள் சமைத்த இடம் முழுகியது. மற்ற ஆறு பேரும் சேர்ந்து படகை அசங்காமல் பாறை மேல் தூக்கி வைத்தார்கள். சீமில் கை படாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் எனக்கு வேலை.

4. வலது பக்கம்

காலையில் தண்ணீர் வடிந்திருந்தது. காற்றடித்தோம். குமிழ் இல்லை. யாரும் சொல்வதற்கு முன் நான் போய் வலது பக்க முன் சேம்பர் மேல் உட்கார்ந்தேன். சார் என்னைப் பார்த்தார். பக்கெட்டைத் தான் எடுத்துக்கொண்டார்.

ரேபிட்டின் சத்தம் ஒரு வளைவுக்கு முன்பே கேட்டது. தாம்பரம் பிளாட்பாரத்தில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் மாதிரி, ஆனால் கடந்து போகாமல் அங்கேயே நிற்கிற சத்தம். வளைவு திரும்பியதும் ஆறு ஒரு சறுக்குப் பலகை மாதிரி இறங்கியது. அதன் முடிவில் அலைகள். கடல் அலை நம்மைத் தேடி வரும். ஆற்று அலை நின்ற இடத்திலேயே நின்று காத்திருக்கும். முதல் அலையில் படகின் மூக்கு ஏறியது. எனக்கு முன்னால் வானப்பட்டை மட்டும்தான் தெரிந்தது. பிறகு விழுந்தோம். சேம்பர் எனக்குக் கீழே இரண்டாக மடிந்தது. தண்ணீர் மூஞ்சியில் கதவு மாதிரி அறைந்தது. நான் கயிற்றை ஒரு கையாலும் சீமை மறு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். சீமைக் கையால் பிடித்து என்ன பிரயோஜனம் என்று இப்போது தெரிகிறது.

மடிந்தது நிமிர்ந்தது. இரண்டாவது அலை, மூன்றாவது. நேகி எழுந்து நின்று துடுப்பை இழுத்தார். சுவரில் மோத ஒரு கை தூரம் இருக்கும்போது படகு திரும்பியது. அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டோம். சார் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் சீமைத் தடவிப் பார்த்தேன். வெட்டுப் பட்ட இடம் ஆறின பிறகு தொட்டுப் பார்ப்பது போல இருந்தது.

அதற்குக் கீழே ஆறு சாந்தமானது. நேகி எழுந்து துடுப்பை என் கையில் கொடுத்தார். முதலில் படகு சுற்றிச் சுற்றிப் போனது. தண்ணீரோடு சண்டை போடாதே, எங்கே போகப் பார்க்கிறது என்று பார், அங்கே கொஞ்சம் உதவி செய் என்று கையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஒரு மணி நேரம் நான்தான் ஓட்டினேன். அந்த மலைகளுக்கு நடுவில், உஸ் என்ற சத்தத்தின் மேல், ஒரு படகு என் கைக்குக் கட்டுப்பட்டுப் போனது. என் வாழ்க்கையில் அந்த ஒரு மணி நேரத்துக்குச் சமமாக வைக்க ஒன்றிரண்டுதான் இருக்கிறது.

நிம்மு என்ற இடத்தில் சிந்து நதியோடு சேர்ந்து பயணம் முடிந்தது. காற்றை இறக்கிப் படகை மடித்துக்கொண்டிருந்தபோது சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடுத்த வருஷத்தில் இருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரப் போவதாகச் சொன்னார்.

"மே டு செப்டம்பர் எங்களோட இருந்துடு தேவா. ரிப்பேரையும் பாத்துக்க, துடுப்பும் கத்துக்க. உன் மொதலாளிகிட்ட நான் பேசறேன்."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

5. வீட்டில் கேட்டது

வீட்டில் நான் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது ஸ்டெல்லா முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். அதைக் காரணமாக வைத்துக்கொண்டேன். குழந்தை பிறந்தது, அதையும் காரணமாக வைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு வேறு பயம். ஒரு தடவை போய்விட்டு வந்ததற்கே பம்மல் ஷெட்டில் மூச்சு முட்டியது. ஐந்து மாதம் இருந்துவிட்டால் திரும்பி வரவே பிடிக்காமல் போய்விடும் என்று பயந்தேன். ஏப்ரலில் சார் பட்டறைக்கு வந்து கேட்டபோது, வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை சார் என்றேன். அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அதற்கப்புறம் பட்டறையில் மழை நாளில் நான் ஒரு சீம் கூட ஒட்டியதில்லை. முதலாளி எவ்வளவு சொன்னாலும் சரி. ஆனால் நல்ல வெயில் நாளிலும் அந்த மாதிரி ஒட்டு எனக்கு அமையவே இல்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும், மூன்றாவது கோட் காய்கிற நேரத்தில், விரலை வைத்துப் பார்ப்பேன். பிசுபிசுக்கும். இப்போது அங்கே காலைத் தண்ணீர் வடிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து, தாம்பரம் மார்க்கெட்டில் நானும் ஸ்டெல்லாவும் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது ரகுநாதன் சாரைப் பார்த்தோம். தலை முழுக்க நரைத்திருந்தது. முட்டி போய்விட்டதால், ஆட்களை ஆற்றுக்குக் கூட்டிப்போகிற கேம்ப்பை மூடிவிட்டேன் என்றார். அறிமுகப்படுத்தி வைத்ததும் ஸ்டெல்லாவைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க மட்டும் அன்னிக்கு விட்டிருந்தீங்கன்னா, உங்க வீட்டுக்காரர் இந்நேரம் பெரிய ரிவர் கைடா இருந்திருப்பார்மா."

ஸ்டெல்லா சிரித்தாள். அவர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் போன பிறகு வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து வாங்கினாள்.

"நான் எப்ப விட மாட்டேன்னு சொன்னேன்?" என்று பஸ் பல்லாவரம் வந்தபோதுதான் கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மழை நாள் பசையில் இருந்து, துடுப்பைப் பிடித்த ஒரு மணி நேரம் வரை. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு வந்தாள். பம்மல் ஸ்டாப்பில் இறங்கி, பையை என்னிடம் கொடுத்தாள்.

"மே மாசம் எனக்கு ஸ்கூல் லீவுதானே. கேட்டிருந்தா நானும் வந்திருப்பேன்."

அப்படி ஒன்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் படகில் அவளுக்கு நான் ஒரு இடம் கூட நினைத்துப் பார்க்கவில்லை.

வேலையில் செய்த தப்பை மறைக்காதீர்கள் என்று உங்களுக்கு எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்கிறேன். கூட ஒன்று. மனசில் இருக்கிற ஆசையை, கூட இருக்கிறவர்களிடம் வாய் விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள். நாங்கள் இரண்டு பேரும் இன்றுவரை அங்கே போகவில்லை.