அவள் அழுதபோது யாரும் சிரிக்கவில்லை

செவ்வாய்க்கிழமை மத்தியானம், பத்து காஜா என்கிற பக்கத்து ஊரிலிருந்து வந்த மாட்டுவண்டிக்காரர் எங்கள் படக்கொட்டகை வாசலில் நிறுத்தி, "மிசின்காரரு போய்ட்டாருங்க" என்றார். ஆஸ்பத்திரியில் விடியற்காலையே உயிர் பிரிந்துவிட்டதாம். பக்கத்தில் ஒருவரும் இல்லையாம். ஈப்போவில் இத்தனை வருடம் படம் ஓட்டிய ஆசீர்வாதம் அண்ணனுக்காக அழ, டிக்கெட் கிழிக்கிற என்னைத் தவிர ஆளில்லை.

எங்கள் கொட்டகைக்குச் சொந்தமாக ஒரே ஒரு பழைய படம் உண்டு. வாடகைப் படம் ரயிலில் வந்து சேராத நாளில் அதைத்தான் எடுப்போம். அதில் ஒரு தாய் காலித் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுவாள். புதுப்படம் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. தூக்கிப் போடச் சொன்னார் முதலாளி. அண்ணன் குறுக்கே நின்றார்.

"படத்து மேல குத்தமில்ல மொதலாளி. அப்ப மெதுவா சுத்தி எடுத்தாங்க, நாம இப்ப அவசரமா சுத்துறோம். அழுவுறவள ஓட வச்சா சிரிக்காம என்ன செய்வாங்க?"

அன்று மாலையே தொட்டில் ஆட்டுகிற வேகத்தில் மிசின் கைப்பிடியைச் சுற்றிக் காட்டினார். மெதுவாகச் சுற்றினால் விளக்குச் சூட்டில் படச்சுருள் தீப்பிடிக்கும். அதனால் விளக்குக்கும் சுருளுக்கும் நடுவே ஒரு கம்பிவலையை இடது கையால் பிடித்தபடியே நிற்க வேண்டும். விரலெல்லாம் கொப்புளம். ஆனால் சீட்டியடிக்கிறவர்கள்கூட அன்று வாயை மூடிக்கொண்டார்கள். ஆட்டம் நீளுகிறது என்று முதலாளி திட்டியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். அப்படி ஒரு பிடிவாதக்காரர்.

ஒருமுறை சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் படம் காட்டப் போனோம். போகும்போது, கூலிக்காரர்கள் குடியிருக்கிற ஒரு லயத்தைக் காட்டினார்.

"இங்கதான் இருந்தோம். காய்ச்சல்ல புள்ள போச்சு. மறுநாளே என்னைய பால்மரம் வெட்டப் போகச் சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் எம் பொஞ்சாதியும் போய்ட்டா. அவ அழுதத நான் பாக்கவே இல்லப்பா."

பீடியைப் பற்றவைத்துக்கொண்டேன்.

போன மாதம் அவர் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, வாடகைப் படம் வராத ஒரு நாள், நானே அந்தப் பழைய படத்தை ஓட்டினேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. சீக்கிரம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் கண்மண் தெரியாமல் சுற்றினேன். கொட்டகையே வயிறு குலுங்கச் சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். பழைய படத்தை ஓட்டினேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"அவ அழுதப்ப சிரிச்சாங்களா?"

"இல்லண்ணே."

என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு கொப்புளம்கூட இல்லை. "செரி, மழை வாரதுக்குள்ள போ" என்று கையை விட்டுவிட்டார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அடக்கத்துக்கு மாதா கோயில் உபதேசியாரும் நானும்தான். மறுநாள் மாலை, வாடகைப் படம் வந்திருந்தும், முதலாளியிடம் சண்டை பிடித்துப் பழைய படத்தை ஏற்றினேன். பாதிக் கொட்டகை காலி. தொட்டில் ஆட்டுகிற வேகத்தில் சுற்றினேன். அவள் அழுது முடிக்கிறவரை கம்பிவலையை விடவில்லை.

அண்ணே, கை சுட்டுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. இந்த முறை பொய் சொல்லவில்லை. போய் வாருங்கள்.