காந்தன் ஈறு காட்டிய கதை

பத்து பெரண்டாம் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் காந்தன், பதினெட்டு ஆண்டாக மாசி மகத்துக்குக் கன்னத்தில் அலகு குத்திக் காவடியோடு சன்னாசிமலைக்குப் போனவர். மற்ற நாளெல்லாம் தினம் ஒரு பெட்டி சிகரெட்; விரதமிருக்கும் நாற்பத்தெட்டு நாளும் ஒன்றுகூடக் கிடையாது. இந்த வைராக்கியத்தை அவரே ஊரெல்லாம் சொல்லிவிடுவதால் மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் இருந்ததில்லை.

இந்த ஆண்டு வேண்டுதல் மகளின் சுகப்பிரசவத்துக்கு. பேரனும் பிறந்துவிட்டான், கடனைத் தீர்ப்பதுதான் பாக்கி. விரதத்தின் ஒன்பதாம் நாள் காலையில் பல் துலக்கித் துப்பினார். தொட்டி சிவந்தது. பதினோராம் நாள் கடித்த வாழைப்பழமும் சிவந்தது.

விரதக்காரன் வாயில் இரத்தமா? எங்கோ தீட்டுப் பட்டிருக்கிறது. விரதம் கெட்டிருந்தால் காவடியைத் தொட முடியாது. அன்றே பிரஷ்ஷை ஒதுக்கிவிட்டு மஞ்சள் தண்ணீரில் கொப்பளிக்கத் தொடங்கினார். பிறகு மனைவி மோகனாவைப் பிடித்தார்.

"நீ கோழி பெரட்டுன கரண்டியாலதான சாம்பார கிண்டுன?"

"கரண்டியே புதுசுங்க. போன வாரம் பாசார் மாலாம் ராச்சந்தையில வாங்குனது. உங்க வாய் நாறுறதுக்கும் என் கரண்டிதான் காரணமா?"

உடன் வேலை செய்யும் கோகுலராஜ் வேறு காரணம் கண்டுபிடித்தான். "அண்ணே, சிகரெட்ட விட்டதாலதான். பிடிச்சப்ப ஒரு சொட்டு வந்துச்சா? ஒண்ணே ஒண்ணு இழுத்துப் பாருங்க லா."

அதில் நியாயம் இருப்பதாகத் தோன்றியதுதான் காந்தனை நடுங்க வைத்தது. பிடித்தால் விரதம் போச்சு; பிடிக்காவிட்டால் இரத்தம் வரும், அப்போதும் விரதம் போச்சு. இரண்டு நாள் பித்துப் பிடித்தவர்போல் அலைந்தவரை மோகனா பல் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள்.

வேல் கன்னத்தைத் துளைக்கும்போது கண் இமைக்காதவர், நாற்காலி பின்னால் சரிந்ததும் அதன் கைகளை இறுகப் பற்றினார்.

"டாக்டர், ஊசி வேணாம்."

"அங்கிள், இது கண்ணாடி," என்றாள் டாக்டர் தர்மினி.

வாய்க்குள் நெடுநேரம் பார்த்தாள். "ஈறு இப்ப கெடல அங்கிள். பல வருஷமாவே வீங்கியிருக்கு. பல்லடியில காரை கல்லு மாதிரி படிஞ்சிருக்கு, அதுல கிருமி. சிகரெட்டு இரத்தத்த வரவிடாம மறைச்சு வச்சிருந்துச்சு. விட்டதும் தெரியுது. நல்லதுதான்."

"அப்ப சாமி குத்தம் இல்லையா? தீட்டுன்னு பிரஷ்ஷயே ஒதுக்கிட்டேன்."

"பல்லு வெளக்காதன்னு சாமியா சொன்னாரு? சரி, விரதத்துல என்ன சாப்பிடுறீங்க?"

காந்தன் பெருமையோடு அடுக்கினார்: பால், பழம், கேசரி, பஞ்சாமிர்தம், கெட்டிப்பால் ஊற்றிய தேநீர் ஐந்து கிளாஸ்.

"வீட்டுல யாருக்காச்சும் இனிப்பு நீர், சக்கரை வியாதி இருக்கா?"

"அப்பா, அம்மா, ரெண்டு அண்ணனுக்கும். எனக்கு இல்ல."

"டெஸ்ட் பண்ணீங்களா?"

"இல்ல. அதான் எனக்கு இல்லன்னேன்."

அவள் விரலில் குத்திப் பார்த்தாள். சக்கரை பதினாறு; எட்டுக்குள் இருக்க வேண்டியது.

"சக்கரை ஏறுனா ஈறு கெடும், ஈறு கெட்டா சக்கரை இறங்காது. ரெண்டும் சேர்ந்துக்கிட்டு ஆளக் கவுத்துடும். இப்ப அலகு குத்துனீங்கன்னா புண்ணு ஆறாது."

"காவடி?"

"டாக்டர பாத்து மருந்து எடுங்க, தெம்பு இருந்தா காவடியும் எடுங்க. கன்னத்த மட்டும் விட்டுடுங்க."

காந்தன் முகம் தொங்கிப்போனது. அலகு குத்தாத காந்தனை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

"ஆண்டவரா உங்க கன்னத்த கேட்டாரு?" என்றாள் மோகனா. "போட்டோவுக்கு நீங்களா குடுத்தது."

மூன்று முறை போய்க் காரையைச் சுரண்டிக்கொண்டார். மருந்தும் தொடங்கினார். கேசரி நின்றது. மாசி மகத்தன்று காவடி தோளில் ஏறியது. கன்னத்தில் வெறும் திருநீறுதான். அலகு குத்தினால் வாய் அடைத்துவிடும். இந்த ஆண்டு அந்தத் தடை இல்லை. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் சிகரெட்டோடு நின்றவர்களை நிறுத்திக் காரை, சக்கரை என்று பாடம் நடத்தினார். யாரும் கேட்காமலேயே கீழுதட்டை இழுத்துத் தன் ஈறையும் காட்டினார்.

பாதி வழியில் கோகுலராஜ் கும்பிட்டான். "அண்ணே, அடுத்த வருஷம் அலகு குத்திக்குங்க லா. எங்களுக்குப் புண்ணியமா போகும்."

காந்தன் காவடியோடு அவன் பக்கம் திரும்பினார். "உன் ஈற காட்டு பாப்போம்."

மலை ஏறி முடிக்கும்வரை கோகுலராஜ் வாயைத் திறக்கவேயில்லை.