கல்லைக் கழுவிய கிறிஸ்துமஸ்

உரிக்காத முழு இறால் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கி, மீனே இல்லாத கண்ணாடித் தொட்டிக்குள் என் நாத்தனார் போட்டார். ஆவடி வீட்டை நினைத்தாலே எனக்கு முதலில் அதுதான் ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, குழம்புக்கு வாங்கியதில் பெரிதாகப் பார்த்து எடுத்த இறால் அது. "கெடக்கட்டும், அழுவட்டும்" என்றார். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நல்ல இறாலை ஏன் அழுகவிட வேண்டும் என்று கேட்க வாய் வரை வந்தது. புதுப்பெண் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாத்தனார் என் கணவருக்கு மூத்தவர், ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. குவார்ட்டர்ஸ் அவர் பேரில்தான் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நகை, புடவை எதிலும் ஆசை கிடையாது. எங்கோ சுற்றுலா போன இடத்தில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடிக் கடல்மீன்களைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவற்றின் மீது மட்டும் தீராத ஆசை. கோவளத்திலிருந்து கேன் கேனாகக் கடல்தண்ணீர் கொண்டுவந்து மூன்றடித் தொட்டியை நிரப்பியிருந்தார்.

மீன் கழிவில் நஞ்சு உண்டு, அதைத் தின்று தீர்க்கிற பாக்டீரியா தொட்டியில் முதலில் பெருக வேண்டும், அதற்குத் தீனிதான் இந்த அழுகல் இறால் என்று ஒருநாள் அவரே எனக்கு விளக்கினார். வாரம் ஒருமுறை சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, கொளத்தூர் வளர்ப்புமீன் கடைக்காரர் கொடுத்த இரண்டு மருந்துகளைச் சொட்டுவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நஞ்சு இருந்தால் ஒன்றில் பச்சை, மற்றதில் ஊதா. இரண்டு நிறமும் அடியோடு போன பிறகுதான் மீன். தொழிற்சாலையில் போல்ட்டு நட்டைத் திருப்பி அனுப்புகிற அதே முகத்தோடு, "இன்னும் ஆவல" என்று குழாயைக் கழுவி வைப்பார்.

அந்த ஒன்றரை மாதமும் வரிசை வீட்டுக்காரர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. "இன்னாக்கா, மீனே இல்லாத தொட்டிக்கு நாள் பூரா காத்து அடிச்சிகினு கீற?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. நாத்தனாரும் சிரித்துக்கொள்வார். டிசம்பர் இருபதாம் தேதி வாக்கில் இரண்டு நிறமும் போயின. குழந்தை பாஸானதைச் சொல்வது போல வீடு வீடாகப் போய்ச் சொன்னார். இருபத்து நாலாம் தேதி காலையில் மீனைக் கொண்டுவருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார்.

எங்கள் ஆட்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் கழுவுவது. சுவர், ஜன்னல் கம்பி, அரிசிப் பானை, மாதா சுரூபத்தின் பீடம் என்று எதையும் விடமாட்டோம். இருபத்து மூன்றாம் தேதி நாத்தனார் வேலைக்குப் போயிருந்தார். மாமியார் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போயிருந்தார். நான் எடுக்கிற துடைப்பத்தில்கூடக் குறை கண்டுபிடிக்கிறவர் மாமியார். அவரிடம் ஒரு நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. வீடே பளபளக்க, தொட்டிக்குள் கல்லெல்லாம் பழுப்பேறி வழவழவென்று கிடந்தன. பாக்டீரியா தண்ணீரில்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதனால் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடக் கொட்டவில்லை. கல்லையும் அடியில் கிடந்த சரளையையும் மட்டும் அள்ளி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, அலசி, கொல்லையில் வெயிலில் காயவைத்துத் திரும்ப அடுக்கினேன். பல் தேய்த்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

சாயங்காலம் வந்த நாத்தனார் செருப்பைக் கழற்றாமல் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "கல்ல இன்னா பண்ண?" என்றார். சொன்னேன். "பாக்டீரியா கல்லு மேலதான் ஒட்டிகினு இருக்கும்" என்றார்.

மறுநாள் காலை பாலிதீன் பையில் அந்த ஜோடி வந்தது. வரிசையே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. நாத்தனார் பையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு கடைக்காரரிடமே நீட்டி, "எடுத்துகினு போ. போட்டா செத்துரும்" என்றார். "போட்டுப் பாருக்கா, ஒண்ணும் ஆவாது" என்று அவர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திச் சிரித்தாள். மாமியாருக்கு மானம் போயிற்று. கல்லைப் பார்த்தார், பிறகு நேராக என்னைப் பார்த்தார். "யாரு கழுவுனது?"

"நான்தாம்மா கழுவச் சொன்னேன். பண்டிகையாச்சேன்னு அவசரப்பட்டுட்டேன்" என்றார் நாத்தனார்.

அன்று முழுக்க ஏச்சு வாங்கியது அவர்தான். வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்டார்கள். எல்லோரிடமும் அதையே சொன்னார். நான் சமையலறையில் முறுக்குப் பிழிந்துகொண்டே அழுதேன். பண்டிகை முடிந்ததும் இன்னொரு இறால் போட்டார். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் மீன் வந்தது, பல வருஷம் இருந்தது.

இப்போது பருத்திப்பட்டில் எங்களோடுதான் இருக்கிறார். மீன், தொட்டி ஒன்றும் இல்லை. முட்டி வலியும் டீவியும்தான். போன மாதம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். அவர் கை நிற்கவில்லை.

"நீ ஊட்டுக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆயிருந்துச்சு" என்றார். "வெறும் தண்ணி பக்குவமாவறதுக்கே ஒன்றரை மாசம் குடுத்தமே."