குங்குமம் விழுந்த பீக்கர்

அழகு நிலையத்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணின் நகப்பூச்சைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அசிட்டோன் வாசம். மூக்கைத் தொட்ட கணத்திலேயே காணாமல் போகிற, குளிர்ந்த வாசம். தொண்ணூறுகளில் நானும் அக்காவும் அந்த வாசத்துக்குள்தான் வாழ்ந்தோம். கணபதி என்கிற பகுதியில் இருந்த கல்லூரி ஒன்றில், ஒரே அறையில் முனைவர் பட்டத்துக்காகப் படிகம் வளர்த்தோம். கூடப் பிறந்தவர் அல்ல, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் அக்கா. காங்கேயத்துக்காரர். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தால் புளிச்சாதத்திலும் அசிட்டோன் மணக்கும். "நாளைக்கு நம்மள எரிச்சா குப்புன்னு பத்திக்கும் அம்மணி" என்பார்.

கரைசலை பீக்கரில் ஊற்றி, வாயை வடிதாளால் மூடி, ஊசியால் துளையிட்டு, சூடு மாறாத தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிடுவோம். அசிட்டோன் மெல்ல ஆவியாக ஆக, கரைந்திருந்தது அடியில் உருக்கொள்ளும். சுற்றிலும் லேத்துப் பட்டறைகள். அவை ஓடும்போதெல்லாம் கரைசலின் மேற்பரப்பு சிலிர்க்கும். அக்கா தாமே தயாரித்த இளமஞ்சள் கரிமப் பொருளின் படிகங்கள் கற்கண்டுக் கட்டிகளாக வளர்ந்தன. ஆனால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளியை அவற்றில் பாய்ச்சினால் பச்சை ஒளி வெளிவர வேண்டும். மூலக்கூறுகள் ஒரே பக்கம் முகம் திருப்பி நின்றால்தான் அது நடக்கும். எதிரெதிராக ஜோடி சேர்ந்துவிட்டால் ஒன்றின் வேலையை மற்றது அழித்துவிடும். அக்காவின் படிகங்கள் அப்படித்தான், அழகாக, இருட்டாக இருந்தன. உடுமலைப்பேட்டையில் ஒரு கல்லூரி வேலை அவருக்காகக் காத்திருந்தது. அந்த ஆண்டே ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் அது கிடைக்கும். பச்சை வராமல் ஆய்வேட்டில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

ஆயுத பூசை வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு ஸ்பானருக்கும் பொட்டு உண்டு. அக்கா தராசுக்கு வைத்தார், தொட்டிக்கு வைத்தார். எட்டிக் கைநீட்டியபோது ஒரு பீக்கரின் தாள் நழுவியதைக் கவனிக்கவில்லை. பூட்டிவிட்டு ஊருக்குப் போனோம். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் அந்த பீக்கரின் அடியில் செந்தூள். அதைச் சுற்றி ஊசி ஊசியாக, இதுவரை பார்த்திராத படிகங்கள்.

"ஐயோ, குங்குமத்தக் கொட்டிப்போட்டேன் அம்மணி!"

"சாமி கும்பிட்டா பலன் கெடைக்குமுன்னாங்க, பீக்கர்லயா கெடைக்கும்?" என்று எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் சிரித்தார். கொட்டிவிடச் சொன்னார். அக்கா கொட்டவில்லை. அந்த ஊசிகளையும் பொடித்து, மற்ற மாதிரிகளோடு பெங்களூருக்கு எடுத்துப்போனார். அங்கேதான் லேசர் இருந்தது. நானும் கூடப் போனேன். இருட்டறை. கற்கண்டுகளின் பொடி மௌனமாக இருந்தது. கடைசியாக ஊசிப்பொடி அடைத்த கண்ணாடிக் குழாயை வைத்தார்கள். வெறும் காற்றிலிருந்து வந்ததுபோல் ஒரு பச்சை! மாமரத்துக் கிளி சட்டென்று தலையை நீட்டியது போன்ற பச்சை. அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். வளையல் பதிந்த தடம் ஊர் வந்து சேரும்வரை இருந்தது.

பிறகு அது வரவேயில்லை. குங்குமம் போட்டுப் பார்த்தார், சந்தனம், மஞ்சள், திருநீறு என்று எல்லாம் போட்டுப் பார்த்தார். கற்கண்டுதான் வந்தது. பெங்களூரில் விட்டுவந்த பொடியை மறுபடி சோதிக்கச் சொன்னோம், அதுவும் அணைந்துபோயிருந்தது. குங்குமம்தான் காரணமா, இல்லை, பட்டறைகளெல்லாம் ஓய்ந்திருந்த அந்த அமைதியா? பூட்டிய அறையின் புழுக்கமா? ஒரு விடுமுறைக்குள் அத்தனை காரணங்கள் ஒளிந்திருந்தன.

"அதான் பச்சை வந்துதல்லோ? எழுதிப்போடு அம்மணி. எவன் வந்து உன்ற பீக்கர்ல குங்குமத்தத் தேடப்போறான்?" என்றார் பேராசிரியர்.

"மறுக்கா வராததை எப்படிங்க சார் எழுதறது? படிக்கறவன் செஞ்சு பாத்துப்போட்டு என்னையல்லோ வைவான்?"

அந்த ஆண்டு போனது. உடுமலை வேலை வேறொருவருக்குப் போனது. அடுத்த ஆண்டு, மங்கிய கற்கண்டுகளை வைத்தே ஆய்வேட்டை முடித்தார். அதில் ஓரிடத்தில், ஒரே ஒருமுறை பச்சை ஒளி கண்டதையும், திரும்பப் பெற முடியாததையும், காரணம் தெரியாததையும் எழுதினார். பேராசிரியர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஒரே பொருள் வெவ்வேறு அடுக்குகளில் படிகமாகலாம், ஒருமுறை தோன்றிய அடுக்கு பிறகு தலைகாட்டாமலே போகலாம் என்று பின்னாளில் நான் படித்தேன். அப்படி மறைவதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அக்காவின் பீக்கரில் அன்றைக்கு என்ன நடந்தது? எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து அவர் கிளம்பிய அன்று, காந்திபுரத்தில் காங்கேயம் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. உடுமலை வேலை போனதில் வருத்தமா என்று சன்னலோரம் நின்று கேட்டேன்.

"வேலை கெடக்குது போ. அந்தப் பச்சை ஏன் எரிஞ்சுதுன்னு உனக்குத் தெரிஞ்சுதுன்னா ஒரு வார்த்தை சொல்லியுடு அம்மணி" என்றார். வண்டி நகர்ந்தது. தலையை வெளியே நீட்டிக் கத்தினார்:

"எலையில சோறு போட்டிருந்தாலும் எந்திரிச்சு வாரேன்!"